கைத்தொலைபேசியில் மைக் வேலை செய்யாவிட்டால்: கடைக்குப் போகுமுன் ஒரு பாடம்



கைத்தொலைபேசியின் திரை உடைந்தால் பார்த்தவுடன் தெரியும். பற்றரி இறங்கினால் அதுவே சொல்லும். மைக், அதாவது நமது குரலை வாங்கும் ஒலிவாங்கி, பழுதானால் மட்டும் சொந்தக்காரருக்குக் கடைசியில்தான் தெரியவரும். அவருக்கு மறுமுனையில் இருப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்காதது மறுமுனைக்காரருக்கு. அவர் இரண்டு தரம் "ஹலோ" சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

எங்கள் ஆலயத்துக்கு வரும் வயதான அம்மா ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன் இதுதான் நடந்தது. தனியே வசிப்பவர். இரத்த அழுத்த மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவர் தொலைபேசியில் கதைப்பதாக நாள் குறித்திருந்தார்கள். குறித்த நேரத்துக்கு அழைப்பு வந்தது. அம்மாவும் எடுத்துக் கதைத்தார். மருத்துவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அழைத்தோம், பதில் இல்லை" என்று பதிந்துவிட்டார்கள். அடுத்த தவணை கிடைக்க மூன்று கிழமை. அதே நாட்களில் கனடாவில் இருக்கும் மகன், அம்மா தன்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று எண்ணித் தானும் எடுக்காமல் இருந்துவிட்டார். கடையில் காட்டியபோது திருத்துவதற்கு 60 பவுண் கேட்டார்கள். புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றார் மகள். கடைசியில் ஒரு சதமும் செலவில்லாமல் அது சரியாயிற்று. எப்படி என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் தொழிலால் கணக்காளன், தொலைபேசி திருத்துபவன் அல்லன். ஆனால் பிழை தேடுவது எங்கள் தொழிலில் பாதி. பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் எல்லாப் பேரேடுகளையும் முதற்பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9 ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று சந்தேகிப்போம். பிழையின் உருவமே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தொலைபேசி மைக்கும் அப்படித்தான். "மைக் பழுது" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு மைக் அல்ல

பலருக்குத் தெரியாத விடயம் இது. இன்றைய கைத்தொலைபேசி ஒன்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மைக்குகள் இருக்கும். ஒன்று கீழ் விளிம்பில், சார்ஜ் வயர் செருகும் வாயிலுக்குப் பக்கத்தில். இன்னொன்று மேலே, காதில் வைத்துக் கேட்கும் இடத்துக்கு அருகில் அல்லது மேல் விளிம்பில். ஐபோன்களில் மூன்றாவது ஒன்று பின்பக்கக் கமராவோடு இருக்கும்.

காதில் வைத்துக் கதைக்கும்போது முக்கியமாக வேலை செய்வது வாய்க்குக் கிட்டவுள்ள கீழ் மைக். மேல் மைக் அந்நேரம் சுற்றியுள்ள இரைச்சலைக் கேட்டு, அதைக் குரலிலிருந்து கழிப்பதற்கு உதவும். வீடியோ எடுக்கும்போதும், ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கும்போதும் தொலைபேசி வேறு மைக்கைப் பாவிக்கலாம். ஆகவே "காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பேய் வேலை அல்ல. கீழ் மைக் அடைபட்டிருக்கிறது அல்லது பழுது, மற்றது நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஐபோனின் அடிப்பாகத்தில் சார்ஜ் வாயிலின் இருபுறமும் சிறு துளைகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் என்று நினைத்து, "ஒரு பக்கத்தில் சத்தமே வரவில்லை" என்று கடைக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம்தான் ஸ்பீக்கர். மற்றப் பக்கத்துத் துளைகளுக்குள் இருப்பது மைக்.

நான்கு சோதனைகள்

கடதாசியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியின் உறையைக் கழற்றிவிடுங்கள். அதை முதலில் கழற்றுவதே ஒரு சோதனைதான். சந்தையில் மலிவாக வாங்கும் உறைகளில் துளை சரியான இடத்தில் இருப்பதில்லை. திரைக்கு ஒட்டும் கண்ணாடியும் சில வேளை மேல் மைக்கை மூடிவிடும்.

முதலாவது, குரல் பதிவு செய்யும் செயலியைத் திறந்து ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஐபோனில் இதற்கு வொய்ஸ் மெமோஸ் என்று பெயர். மற்றவற்றில் ரெக்கோடர் என்று இருக்கும். இது பெரும்பாலும் கீழ் மைக்கைச் சோதிக்கும். இரண்டாவது, கமராவை முன்பக்கம் திருப்பி, உங்கள் முகத்தைப் பார்த்தபடி கதைத்து ஒரு சிறு வீடியோ எடுங்கள். மூன்றாவது, பின்பக்கக் கமராவால் அப்படியே ஒன்று. நான்காவது, வீட்டிலுள்ள இன்னொருவரின் தொலைபேசிக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, காதில் வைத்து ஒரு தரமும் ஸ்பீக்கரில் ஒரு தரமும் கதையுங்கள். மறுமுனைக்காரர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே அறையில் நின்றால் நேரடியாகக் காதில் விழுவதையும் தொலைபேசியில் வருவதையும் பிரித்தறிய முடியாது.

ஒவ்வொன்றுக்கும் "நன்று", "மெதுவாக", "இல்லை" என்று எழுதுங்கள். ஐபோன் அல்லாதவற்றில் எந்தச் செயலி எந்த மைக்கைப் பாவிக்கும் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். ஆனாலும் நான்கு விடைகளும் ஒன்றாக இருக்கின்றனவா, வேறுபடுகின்றனவா என்பதே நமக்கு வேண்டியது.

முன்பெல்லாம் ஸ்கைப்பில் சோதனை அழைப்பு ஒன்று இருந்தது. கதைத்தால் நமது குரலையே திருப்பிப் போட்டுக் காட்டும். ஊரோடு கதைக்குமுன் எத்தனையோ வீடுகளில் அதைத்தான் முதலில் அழுத்துவார்கள். 2025 மே மாதத்தோடு ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது. இப்போது குரல் பதிவைத்தான் அந்த வேலைக்குப் பாவிக்க வேண்டும்.

எல்லாம் நன்று, வட்ஸ்அப்பில் மட்டும் இல்லை

இப்படி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பழுது எதுவுமில்லை. அனுமதிதான் இல்லை.

ஒவ்வொரு செயலியும் மைக்கைத் தொடுவதற்கு முன் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் சட்டென்று ஒரு கேள்வி வந்து நிற்கும். விளங்காத கேள்விக்கு "இல்லை" என்று அழுத்துவது எங்கள் பெரியவர்களின் வழக்கம். மோசடிக்காரர் மலிந்த காலத்தில் அது நல்ல வழக்கம்தான். மாற்றச் சொல்லாதீர்கள். ஆனால் வட்ஸ்அப் கேட்டபோதும் "இல்லை" என்று அழுத்தியிருந்தால் அதன் பின் அவர் குரல் போகாது.

அன்ரொய்ட் தொலைபேசிகளில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. 2020 இல் வந்த 11 ஆம் பதிப்பிலிருந்து "இந்த ஒரு தரம் மட்டும்" என்றொரு விடை சேர்க்கப்பட்டது. அதை அழுத்தினால் அன்றைக்கு வேலை செய்யும். பின்னர் திரும்பக் கேட்கும். அதே பதிப்பிலிருந்து, சில மாதங்கள் திறக்கப்படாத செயலிகளின் அனுமதிகளைத் தொலைபேசி தானாகவே மீளப் பெற்றுக்கொள்ளும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மட்டும் பாவிக்கும் செயலி அடுத்த கோடையில் ஊமையாக இருப்பது இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐபோனில் செற்றிங்ஸ், அதற்குள் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி, அதற்குள் மைக்ரோபோன். செயலிகளின் பட்டியல் வரும். வட்ஸ்அப்புக்கு எதிரேயுள்ள ஆளி பச்சையாக இருக்க வேண்டும். அன்ரொய்ட்டில் பெயர்கள் சற்று மாறும். வட்ஸ்அப்பின் படத்தை விரலால் சில விநாடி அழுத்திப் பிடித்து, வரும் சிறு பட்டியலில் செயலித் தகவலைத் தெரிந்து, அதற்குள் பெர்மிஷன்ஸ் என்பதைத் திறந்தால் மைக்ரோபோன் தெரியும்.

நல்ல அடையாளம் ஒன்றும் சொல்கிறேன். ஐபோனில் 2020 இலிருந்து, அதாவது 14 ஆம் பதிப்பிலிருந்து, ஏதாவதொரு செயலி மைக்கைப் பாவித்தால் திரையின் மேற்பகுதியில் செம்மஞ்சள் பொட்டு ஒன்று தோன்றும். அன்ரொய்ட்டில் 2021 இல் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்து பச்சை அடையாளம் வரும். நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது பொட்டு தெரியாவிட்டால் செயலிக்கு மைக் கிடைக்கவில்லை, அனுமதியைப் பாருங்கள். பொட்டு தெரிந்தும் குரல் போகாவிட்டால் பிழை வேறிடத்தில்.

எல்லாப் பதிவும் நன்று, அழைப்பில் மட்டும் இல்லை

மைக் நன்றாக இருக்கிறது, ஆனால் தொலைபேசி வேறொரு மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் புளூரூத் செய்யும் வேலை. அப்பா வரவேற்பறையில் இருந்து கதைக்கிறார். வாசலில் மகன் காரை ஸ்ரார்ட் செய்கிறார். அப்பாவின் தொலைபேசி முன்பொரு நாள் அந்தக் காரோடு இணைக்கப்பட்டது. அழைப்பு அப்படியே காருக்குப் போய்விடுகிறது. அப்பா வீட்டில் சுவரோடு கதைக்க, பெரியம்மாவின் குரல் காருக்குள் ஒலிக்கும். கைப்பைக்குள் மூடி சரியாகப் பூட்டாமல் கிடக்கும் காதணிக் கருவிகளும் இதே விளையாட்டைக் காட்டும்.

காது கேட்கும் கருவி அணிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில கருவிகள் தொலைபேசிச் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவரும், குரலைத் தொலைபேசியே வாங்கும். வேறு சில கருவிகள் குரலையும் தாங்களே வாங்கும். அந்தக் கருவியின் பற்றரி இறங்கினாலோ, மைக் அழுக்கானாலோ தொலைபேசியில்தான் பழுது என்று தோன்றும். புளூரூத்தை நிறுத்திவிட்டு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். சோதித்த பின் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு அடுத்த அழைப்பே கேட்காமல் போகும்.

ஒரே ஒருவர் மட்டும் "உங்கள் சத்தம் கேட்கவில்லை" என்று சொன்னால், உங்கள் தொலைபேசியைக் கழற்றுமுன் அவருடையதைச் சந்தேகியுங்கள். மூன்று பேருக்கு எடுத்து இரண்டு பேருக்குக் கேட்டால் உங்கள் மைக்கில் குற்றமில்லை. கன்னம் பட்டு மியூற் அழுத்துப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அதுவும் நடக்கிறது.

பதிவில் மெதுவாக அல்லது இல்லை, வீடியோவில் நன்று

இதுதான் மேலே சொன்ன அம்மாவின் தொலைபேசி. குரல் பதிவில் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல் இருந்தது. வீடியோவில் குரல் தெளிவாக வந்தது. ஆகவே கீழ் மைக். கைவிளக்கைப் பிடித்து அடிப்பாகத்தைப் பார்த்தபோது துளைகள் சாம்பல் நிறமாக இருந்தன. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஐயர் தரும் விபூதியைக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைப்பவர். தொலைபேசியும் அதே பைக்குள்தான். மடிப்பு விரிந்து, மாதக்கணக்காக விபூதி துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. எங்கள் சனத்தின் தொலைபேசிகளுக்கு இது தனிப்பட்ட நோய் என்றே நினைக்கிறேன். சட்டைப் பைக்குள் விபூதி வைக்கும் ஐயாமாரும் கவனிக்க.

துப்புரவு செய்யும் முறை இலகுவானது. தொலைபேசியை முற்றாக நிறுத்துங்கள். புதிய, உலர்ந்த, மெல்லிய தும்புள்ள தூரிகை ஒன்று வேண்டும். குழந்தைகளின் பற்தூரிகை போதும். துளைகள் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து மெதுவாக ஒரு பக்கமாகத் தட்டி விடுங்கள். தூள் கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. அந்த அம்மாவுடையதற்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

செய்யக் கூடாதவையே அதிகம். ஊசி, குண்டூசி, சிம் எடுக்கும் கம்பி எதையும் மைக் துளைக்குள் விடாதீர்கள். ஏன் என்றால், உள்ளே இருக்கும் மைக் சில மில்லிமீற்றர் அளவான சிறு பெட்டி. அதற்குள் சிலிக்கனால் ஆன சவ்வு ஒன்று, தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது, துளையுள்ள தகடொன்றின் எதிரே நிற்கிறது. குரல் பட்டுச் சவ்வு அசைய, இரண்டுக்கும் இடையேயுள்ள மின்கொள்ளளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் தொலைபேசி குரலாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சவ்வைக் கிழித்தால் ஒட்ட முடியாது. காற்று அடைத்த தகரப்பேணியால் ஊதுவதும் அதே ஆபத்துத்தான். வாயால் ஊதினால் ஈரமும் சேர்ந்து போகும்.

தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைப்பது எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அரிசிக்கு எங்களிடம் குறைவில்லை. ஆனால் அப்பிள் நிறுவனமே தன் அறிவுறுத்தலில் அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அரிசித் துகள்கள் உள்ளே போய்ச் சேதப்படுத்தலாம். வயர் வாயில் கீழே பார்க்க, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் தண்ணீரை விழச் செய்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். ஹெயர் டிரையர், ஹீற்றர் வேண்டாம். முற்றாகக் காய ஒரு நாள் வரை செல்லலாம். "தண்ணீரை வெளியேற்றும் சத்தம்" என்று சில செயலிகள் உண்டு. ஸ்பீக்கர் காற்றைத் தள்ளக் கூடியது என்பதால் ஸ்பீக்கருக்குள் உள்ள தண்ணீருக்கு அவை ஓரளவு உதவலாம். மைக் எதையும் தள்ளாது. அதற்கு அவற்றால் பயனில்லை.

எங்கும் இல்லை

நான்கு சோதனைகளிலும் "இல்லை" என்று வந்தால் உடனே பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மைக்குகள் ஒரே நாளில் தனித்தனியே சாவது அரிது. பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். அன்ரொய்ட் 12 ஆம் பதிப்பிலிருந்து மேலிருந்து கீழே இழுக்கும் பலகையில் மைக் அக்செஸ் என்ற ஆளி இருக்கலாம். அதை நிறுத்தினால் எல்லாச் செயலிகளுக்கும் மைக் மூடப்படும். பேரப்பிள்ளையின் விரல் பட்டாலே போதும். பழைய வகைத் தொலைபேசியில் வட்டமான ஹெட்போன் துளை இருந்தால் அதற்குள் பஞ்சோ தூசியோ நிற்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்துத் தொலைபேசி இல்லாத மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். திரையின் மேலே ஹெட்போன் படம் தெரிந்தால் இதுதான். பிறகு முற்றாக நிறுத்திப் போடுங்கள். ஏதாவதொரு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் அத்தோடு விட்டுவிடும்.

"ஃபக்ரரி ரீசெற்" செய்யச் சொல்லிச் சிலர் ஆலோசனை கூறுவார்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது. இதில் நான் கடுமையாக இருக்க விரும்புகிறேன். ஊரில் இறந்துபோன தாய் தகப்பனின் குரல் வட்ஸ்அப் பதிவுகளில் மட்டும் இருக்கும் வீடுகள் எங்களில் பல. "மகன், சாப்பிட்டியோ" என்ற பத்து விநாடி. அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. துளை அடைபட்டதற்கும் மைக் உடைந்ததற்கும் ரீசெற் மருந்தல்ல. அது மென்பொருளை மட்டுமே புதிதாக்கும். செய்யத்தான் வேண்டுமென்றால், முதலில் வட்ஸ்அப்பின் செற்றிங்ஸில் சற்ஸ் என்பதற்குள் போய் பக்கப் எடுங்கள். முக்கியமான குரல் பதிவுகளைத் தனித்தனியே பிள்ளைகளின் தொலைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். மைக் நன்றாக இருக்கிறவர்களும் இதை இந்த வார இறுதியிலேயே செய்யலாம்.

தேவாரமும் இரைச்சலும்

சற்று விலகிச் சொல்கிறேன், பலர் கேட்பதால். பிள்ளை ஊரிலுள்ள அம்மம்மாவுக்கு வீடியோ அழைப்பில் தேவாரம் பாடிக் காட்டும்போது பிள்ளையின் குரல் போகிறது, சுருதிப்பெட்டி போவதில்லை. சில வேளை நீட்டிப் பாடும் இடத்தில் குரலும் அறுந்து அறுந்து போகிறது. மைக் பழுதல்ல. மாறாத சத்தத்தைத் தொலைபேசி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அகற்றுகிறது. சுருதிப்பெட்டிக்கும் மின்விசிறிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஐபோனில் வீடியோ அழைப்பு நடக்கும்போது மேல் மூலையிலிருந்து கீழே இழுத்தால் மைக் மோட் என்று வரும். அதில் வொய்ஸ் ஐசொலேஷன் இருந்தால் மாற்றி வைட் ஸ்பெக்ற்றம் போடுங்கள். சூமில் இசைக்கென்றே ஒறிஜினல் சவுண்ட் என்ற ஏற்பாடு உண்டு. இணையவழிச் சங்கீத வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் முதலில் அதைப் போட வேண்டும்.

திருத்தும்வரை

மைக் இல்லாத தொலைபேசியை ஒரு நாள்கூட அப்படியே தனியே வசிக்கும் பெரியவர் கையில் விடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டால் வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்படிக் கதைக்கப் பழக்கிவிடுங்கள். அல்லது வயருள்ள, மைக்கோடு கூடிய காதுக்கருவி ஒன்றைச் செருகிக் கொடுங்கள். அதன் மைக் வேறு என்பதால் உடனே வேலை செய்யும்.

அவசரம் வந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் கைத்தொலைபேசியிலிருந்து 999 அழைத்துக் குரல் போகாவிட்டால், இருமும்படி அல்லது தொலைபேசியைத் தட்டும்படி கேட்பார்கள். அதுவும் கேட்காவிட்டால் பதிவு செய்த குரல் 55 ஐ அழுத்தச் சொல்லும். அழுத்தினால் அழைப்பு பொலிசுக்கு மாற்றப்படும். வைத்துவிடக் கூடாது. 55 கைத்தொலைபேசியில் மட்டுமே வேலை செய்யும். அதை அழுத்துவதால் மட்டும் நீங்கள் இருக்கும் இடம் பொலிசுக்குத் தெரிந்துவிடாது.

இன்னொரு வழி, 999 க்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. காது கேளாதவர்களுக்கும் பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்குமாக ஏற்படுத்தப்பட்டது. ஆனால் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். ரெஜிஸ்ரர் என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் 999 க்கு அனுப்பினால் பதில் வரும். அதற்கு யெஸ் என்று திருப்பி அனுப்பி, பதிந்தாயிற்று என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள். குரல் மெலிந்த பெரியவர்களுக்கு, மைக் நன்றாக இருந்தாலும், இதைச் செய்து வைப்பது நல்லது.

கடைக்குப் போகும்போது

வாங்கி எத்தனை நாள் என்பதை முதலில் பாருங்கள். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் குறைபாடுடையதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசை முழுதாகக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. அதன் பின்னர் நிரூபிப்பது உங்கள் பக்கம். வழக்குத் தொடுக்கும் காலம் இங்கிலாந்தில் 6 வருடம், ஸ்கொட்லாந்தில் 5 வருடம். உங்கள் உரிமை விற்ற கடையிடம்தான், தொலைபேசி செய்த கொம்பனியிடம் அல்ல. "கொம்பனி உத்தரவாதம் ஒரு வருடத்தோடு முடிந்தது" என்று கடைக்காரர் சொன்னால் அது முழு விடை அல்ல. கடையில் வாங்கிய பழைய தொலைபேசிக்கும் சட்டம் பொருந்தும், ஆனால் பழையதிடம் புதியதன் தரத்தை எதிர்பார்க்க முடியாது. தண்ணீரில் போட்டது, விழுத்தியது எல்லாம் இதற்குள் வராது. பற்றுச்சீட்டை எறியாதீர்கள். கணக்காளன் வேறென்ன சொல்வான்!

பல தொலைபேசிகளில் கீழ் மைக்கும் சார்ஜ் வாயிலும் ஒரே சிறு பலகையில் அல்லது ஒரே நாடாவில் இருக்கும். மைக்கோடு சார்ஜும் விட்டுவிட்டு ஏறுகிறதென்றால் அந்தப் பகுதியை மாற்றச் சொல்லுங்கள். அது பெரிய வேலை அல்ல. ஆனால் 2016 இல் வந்த ஐபோன் 7 போன்ற ஒன்றைப் பிள்ளை பாவித்துவிட்டுப் பாட்டியிடம் கொடுத்திருந்தால், அழைப்பின்போது ஸ்பீக்கர் பொத்தான் மங்கி அழுத்த முடியாமலும் குரல் பதிவு தொடங்காமலும் இருந்தால், அது உள்ளேயிருக்கும் ஒலிச் சில்லின் ஒட்டு விட்டுப்போனதன் அடையாளம். அந்த வகையில் பலருக்கும் வந்த பழுது. நுண்ணிய ஒட்டு வேலை தெரிந்தவர்தான் செய்ய முடியும். அவ்வளவு பழைய தொலைபேசிக்கு அந்தக் காசு பெறுமதியா என்று யோசியுங்கள்.

கடவுச்சொல்லைக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். வங்கி, குடிவரவு வழக்கின் கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள். சம்சுங்கின் புதிய வகைகளில் மெயின்ரனன்ஸ் மோட் என்றும், கூகிள் பிக்சலில் ரிப்பெயர் மோட் என்றும் ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவர் தொலைபேசியைச் சோதிக்கலாம், உங்கள் சொந்த விடயங்களைப் பார்க்க முடியாது. அது இல்லாத தொலைபேசியென்றால், கூட நின்று நீங்களே திறந்து காட்டுங்கள்.

சோதனைக் கடதாசியையும் கொண்டு போங்கள். "மைக் பழுது" என்று சொல்லாமல் "குரல் பதிவில் இல்லை, முன் வீடியோவில் நன்று, பின் வீடியோவில் நன்று, ஸ்பீக்கரில் நன்று" என்று சொன்னால் கடைக்காரர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார். திருத்தி முடிந்ததும் காசு கொடுக்குமுன், கடை வாசலிலேயே நின்று அதே நான்கு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.